மீனைப் போல என் முகமும் வெளுக்காதா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தடிக் கிராமத்திலிருந்து முப்பத்தாறு வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரும் கணவரும் இரண்டு ஏக்கர் வயலும் ஒரு கச்சான் தோட்டமும் செய்கிறார்கள். மூத்த மகன் தரம் ஒன்பதில் படிக்கிறான், நடுவில் எட்டு வயது மகள், கடைக்குட்டிக்கு மூன்று வயது. கடைசிப் பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது இரு கன்னங்களிலும் மேலுதட்டிலும் மங்கு என்னும் கருந்திட்டு படர்ந்தது. பிள்ளை பிறந்ததும் மறைந்துவிடும் என்றார்கள், ஆனால் மறையவில்லை. பிரசவத்தின் பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடும்பக்கட்டுப்பாட்டு ஊசி போட்டு வருகிறார். சென்ற ஆண்டு நகரத்தில் ஓர் அழகு நிலையத்தில் பெயரோ சீட்டோ ஒட்டாத சிறிய டப்பாவில் வெள்ளைக் கிறீம் ஒன்றை 3,500 ரூபாவுக்கு வாங்கினார். "பூசும்போது தங்கம், வெள்ளி படக்கூடாது" என்று கடைக்காரப் பெண் சொல்லியனுப்பினாராம். பத்து நாட்களில் முகம் வெளுத்தது, ஊரே கேட்டது. நான்காம் மாதத்தில் கன்னம் சிவந்து எரியத் தொடங்கியது, சிறு நரம்புகள் தெரிந்தன, நாடியில் முடி முளைத்தது. கிறீமை நிறுத்தினால் இரண்டாம் நாளே முகம் நெருப்பாக எரிகிறது, மங்கு முன்னையிலும் கறுப்பாகத் திரும்பி வருகிறது. ஆகவே மறுபடி பூசுகிறார்.

இனி அவருடைய கேள்விகள். மகன் குளத்தில் பிடித்த திலாப்பியாக் குஞ்சொன்றை வெள்ளைப் பேசினில் விட்டானாம், சற்று நேரத்தில் அது வெளிறிப்போனதாம், கறுப்பு வாளிக்கு மாற்றியதும் மறுபடி கறுத்ததாம். "ஒரு மீன் தன் கறுப்பை உள்ளே இழுக்குமென்றால், மனிதரின் கறுப்பை உள்ளே இழுக்க மருந்து இல்லையா, டொக்டர்?" என்று கேட்கிறார். கொழும்பில் போடும் வெள்ளை ஊசியை நுண்கடன் எடுத்தாவது போடலாமா என்பது அடுத்த கேள்வி. 2009 இல், போரின் இறுதி மாதங்களில், மாத்தளன் மணலிலும் பின்னர் முகாமின் கூடாரத்திலும் நின்ற வெயில்தான் தன் தோலில் ஊத்தையாகப் படிந்துவிட்டதா என்று இன்னோரிடத்தில் எழுதியிருக்கிறார். மகளும் கறுப்பு என்பதால் அதே கிறீமை அவளுக்கும் சிறிது பூசச் சொல்லி மாமி வற்புறுத்துகிறார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகும்போதாவது முகம் தெளிந்திருக்குமா என்ற கேள்வியோடு கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகனுடைய மீனிலிருந்து தொடங்கவே எனக்கு விருப்பம். ஆனால் ஒரு விடயம் அதுவரை காத்திருக்க முடியாது. காலையில் எழும்பும்போது கண்மடல் தடித்திருக்கிறதா, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, சிறுநீர் நுரைத்து நிற்கிறதா என்று இன்றே பாருங்கள். இவற்றில் ஒன்றேனும் இருந்தால் கிளினிக் திகதி வரட்டும் என்று இராமல், நாளைக்கே அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, "பெயர் தெரியாத முகக் கிறீம் பல மாதங்களாகப் பூசுகிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்தக் கிழமைக்குள் சிறுநீர்ப் பரிசோதனை செய்வித்து இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். காரணத்தை அந்த டப்பாவைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

மீனின் கறுப்பும் எங்கள் கறுப்பும்

மகன் கண்டது முற்றிலும் உண்மை. திலாப்பியாவின் தோலில் நட்சத்திர வடிவான நிறமிக் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கலத்தினுள்ளும் மெலனின் என்னும் கறுப்பு நிறப்பொருளைச் சுமந்த மிக நுண்ணிய பொதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மெலனோசோம் என்று அவற்றுக்குப் பெயர். கலத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை, வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போல, நுண்குழாய்கள் ஓடுகின்றன. பொதிகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழாய்களின் மேல் நடக்கும் புரதங்களில் கினெசின் வெளிநோக்கியும் டைனீன் உள்நோக்கியும் செல்லும். மீனின் ஓமோன்களும் நரம்புகளும் கலத்துக்குள் சக்கர ஏ.எம்.பி. என்னும் ஒரு சிறு மூலக்கூறின் அளவைக் கூட்டினால் பொதிகள் விளிம்புவரை பரவி மீன் கறுக்கும். அந்த அளவைக் குறைத்தால் பொதிகள் நடுவில் குவிந்து மீன் வெளுக்கும். கறுப்பு அழிவதுமில்லை, புதிதாக உண்டாவதுமில்லை, இடம் மட்டுமே மாறுகிறது.

மாணவப் பருவத்தில் ஆய்வுகூடத்தில் இதை என் கண்ணால் பார்த்தேன். மீன் செதில் ஒன்றை உப்புக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, கறுப்பு மரக்கிளைகள் போல நாலாபுறமும் விரிந்து கிடந்தது. அட்ரினலின் கரைசலில் ஒரு துளி விட்டதும் கிளைகளின் நுனிகள் ஒவ்வொன்றாக வெறுமையாகி, சில நிமிடங்களில் கறுப்பு முழுவதும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளியாகிவிட்டது. கலம் சுருங்கவில்லை. அதன் கைகள் கண்ணாடிபோல் வெறுமையாக, விரிந்தபடியே நின்றன. நிறம் என்பது எவ்வளவு மை இருக்கிறது என்பதில் மட்டும் தங்கியதல்ல, மை எங்கே நிற்கிறது என்பதிலும் தங்கியது என்று அன்று விளங்கியது.

எங்கள் தோலிலும் இதே குடும்பத்துப் புரதங்கள்தான் வேலை செய்கின்றன. மேற்றோலின் அடித்தளத்தில், அடித்தளக் கலங்கள் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், நிறமிக் கலங்கள் உட்கார்ந்திருக்கின்றன. தைரோசின் என்னும் அமினோ அமிலத்தை, செப்பைத் தன்னுள் கொண்ட தைரோசினேஸ் என்னும் நொதியம் மாற்றத் தொடங்க, பொதிக்குள் படிப்படியாக மெலனின் நிறைகிறது. நிறைந்த பொதிகள் கலத்தின் நீண்ட கைகளின் வழியே நுனிக்குச் செல்கின்றன. நுனியில் அவற்றைப் பிடித்து நிறுத்த மூன்று புரதங்கள் சங்கிலியாகக் கைகோக்கின்றன. பொதியின் மேல் ராப் 27ஏ ஒட்டுகிறது, அதை மெலனோபிலின் பற்றுகிறது, மெலனோபிலினைப் பிடித்த மயோசின் 5ஏ அந்தப் பொதியை விளிம்பிலுள்ள அக்டின் இழைகளில் கட்டிவைக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பிறப்பிலேயே பழுதானால் பொதிகள் நுனியில் தங்காமல் நடுவுக்கே திரும்பிவிடும். கிரிசெல்லி என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1978 இல் விவரித்த ஓர் அரிய நோயில், பிள்ளைகளின் முடி வெள்ளி நிறமாக இருப்பது இதனால்தான். அவர்களிடம் மெலனின் இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நோயின் ஒரு வகை நோயெதிர்ப்புச் சக்தியையும் பறித்து உயிருக்கே ஆபத்தாவது. ஆகவே பொதிகளின் பயணத்தைத் தடுக்கும் மாத்திரை ஒன்றைக் கண்டுபிடித்தால் போதுமே என்று எவரும் இலேசாக எண்ணிவிட முடியாது. அதே சங்கிலியின் கண்ணிகள் உடலின் வேறு கலங்களுக்கும் தேவைப்படுகின்றன.

இந்த இடம்வரை மீனும் நாங்களும் ஒன்றாகவே வருகிறோம். இனித்தான் பிரிகிறோம். மீனின் கலம் தன் கறுப்பைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எங்களுடைய நிறமிக் கலமோ தான் செய்த பொதிகளைச் சுற்றியுள்ள 30 முதல் 40 வரையான மேற்றோற் கலங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் வயல் செய்பவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: நிறமிக் கலம் குளம், அதன் கைகள் வாய்க்கால்கள், மேற்றோற் கலங்கள் வயல்கள். மீன் தன் தண்ணீரைக் குளத்துக்குள்ளேயே இங்குமங்கும் அலைக்கிறது. எங்களில் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்துவிடுகிறது, வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்புவதில்லை.

வயலுக்குப் பாய்ந்த அந்தக் கறுப்பு அங்கே என்ன செய்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். மேற்றோற் கலம் தனக்குக் கிடைத்த பொதிகளைத் தன் கருவின் மேற்புறத்தில், வெயில் விழும் பக்கமாக, ஒரு தொப்பிபோலக் கவிழ்த்து வைக்கிறது. கருவுக்குள் இருக்கும் பரம்பரைப் பதிவைப் புறவூதாக் கதிர்கள் வெட்டிவிடாமல் அந்தத் தொப்பி காக்கிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு கலமும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வயலில் நிற்பதுபோல இருக்கும். ஆண்டு முழுவதும் வெயில் எறிக்கும் வன்னியில் உங்கள் தோல் இந்த வேலையை நன்றாகச் செய்திருக்கிறது. மங்கு விழுந்த இடத்தில் அந்த வேலை அளவுக்கு மிஞ்சிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது: கொடுக்கப்பட்ட கறுப்பைத் திருப்பி உள்ளே இழுக்கும் மருந்து இல்லை. மருத்துவத்தால் முடிந்தவை மூன்று. குளத்து மதகான துருசைத் தாழ்த்தலாம், அதாவது புதிய மெலனின் உண்டாவதைக் குறைக்கலாம். வாய்க்கால் வாயை ஒடுக்கலாம், அதாவது பொதிகள் கைமாறுவதைக் குறைக்கலாம். வயலில் நிற்பதை வற்ற விடலாம், அதாவது கறுப்பைச் சுமந்த கலங்கள் மேலேறி உதிரும்வரை பொறுத்திருக்கலாம். அடித்தளத்தில் பிறந்த ஒரு கலம் மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஏழு நாட்களில் வெளுக்கும் என்று ஒருவர் உறுதி சொன்னால், அந்தக் கணக்கை மீறி அவர் உங்கள் தோலுக்கு என்ன செய்யப்போகிறார் என்று கேட்க வேண்டும்.

மாத்தளன் வெயிலைப் பற்றி

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் கடிதத்தை மூடி வைத்தேன். அந்த மாதங்களில் நிழலின்றி நின்ற எத்தனையோ பேரை நான் கிளினிக்கில் சந்தித்திருக்கிறேன், பலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 2009 இல் உங்கள் முகத்தில் உண்டான மெலனின் இன்று உங்கள் முகத்தில் இல்லை. அதைச் சுமந்த கலங்கள் சில வாரங்களில் உதிர்ந்துபோயின, அதன் பின்னர் உங்கள் மேற்றோல் நூறு தடவைக்கு மேல் புதிதாகியிருக்கிறது. வெயில் தோலின் ஆழத்தில் உள்ள நார்களில் சில தடங்களை விடுவது உண்மை, அது வேறு விடயம். ஆனால் அந்த நாட்களின் கறுப்பு ஊத்தைபோலப் படிந்து இன்னும் நிற்கிறது என்ற எண்ணத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

ஊத்தை என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமிக் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். பொதிகளின் பருமன், அவை தனித்தனியாகப் பரவி நிற்கின்றனவா கூட்டமாக அடைக்கப்பட்டு விரைவில் சிதைகின்றனவா என்பவற்றில்தான் வேறுபாடு. தேய்த்துக் கழுவவோ, பேதிக்குக் குடித்து வெளியேற்றவோ இதில் எதுவும் இல்லை. தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து, ஆறிய இடம் இன்னும் கறுக்கும். மஞ்சள் பூசுவதால் கெடுதல் குறைவு, ஆனால் மங்குக்கு அது மருந்தாகாது.

இந்த மங்கு ஏன் வந்தது? கர்ப்பகால ஓமோன்கள் நிறமிக் கலங்களைத் தூண்டுகின்றன. வெயில் படும்போது மேற்றோற் கலங்களே ஓமோன் ஒன்றைச் சுரந்து, மீனில் சொன்ன அதே சக்கர ஏ.எம்.பி. வழியாக, நிறமிக் கலத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. மீனில் அந்தச் செய்தி நிமிடங்களில் பொதிகளை நகர்த்துகிறது, எங்களில் நாட்கணக்கில் புதிய பொதிகளைச் செய்விக்கிறது. கர்ப்பம் முடிந்தாலும் குடும்பக்கட்டுப்பாட்டு ஊசியின் ஓமோன், வயல் வெயில், நெல் அவிக்கும்போதும் விறகடுப்பிலும் முகத்தில் அடிக்கும் வெக்கை என்று தூண்டுதல் தொடர்ந்திருக்கிறது. இதற்காக ஊசியை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், வேண்டாத நேரத்தில் உண்டாகும் கர்ப்பம் மங்கை இன்னும் கூட்டும். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் ஓமோன் இல்லாத செப்பு லூப் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அது ஏற்பாடான பின்னர் ஊசியை விடலாம்.

அந்தச் சிறிய டப்பாவுக்குள்

கிறீமைப் பரிசோதிக்காமல் அதில் இன்னதுதான் இருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு குறிப்புகள் இரண்டு பொருள்களைச் சுட்டுகின்றன. பத்து நாளில் வெளுத்தது, பின்னர் சிவந்தது, நரம்பு தெரிந்தது, முடி முளைத்தது, நிறுத்தினால் எரிகிறது என்ற வரிசை, வீரியமான ஸ்டீரொய்ட் மருந்தை முகத்தில் நெடுநாள் பூசியவர்களிடம் நாங்கள் அடிக்கடி காணும் வரிசை. குளோபெட்டாசோல், பெட்டாமெதாசோன் போன்றவை வைத்தியர் சொல்லும் இடத்தில், சொல்லும் நாட்களுக்கு மட்டும் பூச வேண்டிய நல்ல மருந்துகள். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோலை மெலிய வைக்கும். மெலிந்த தோலினூடாக வெயில் இன்னும் இலகுவாக உள்ளே போகும்.

"தங்கம், வெள்ளி படக்கூடாது" என்ற எச்சரிக்கை எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. பாதரசம் கலந்த கிறீம்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை அது. பாதரசம் பட்டால் தங்கம் மங்கும். தைரோசினேஸ் நொதியத்திலுள்ள செப்பின் இடத்தைப் பிடித்து அதை முடக்குவதால் முகம் வெளுக்கிறது உண்மைதான். ஆனால் தோலினூடாக இரத்தத்தில் கலந்த பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்கி, புரதத்தைச் சிறுநீரில் ஒழுகவிடும். நுரை, வீக்கம் என்று ஆரம்பத்தில் நான் கேட்டது இதற்காகவே. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் எத்தனையோ விவசாயக் குடும்பங்களை வாட்டியிருக்கும் நிலையில், எங்கள் மக்களின் சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமையை எவரும் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பதை என்னால் மென்மையாகச் சொல்ல முடியவில்லை. 2013 இல் நிறைவேறிய மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுசாதனங்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2020 உடன் நிறுத்தச் சொன்னது. பெயரில்லாத டப்பாக்கள் இன்னும் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கிறீமை இன்றோடு நிறுத்துங்கள். எரிச்சலும் சிவப்பும் சில கிழமைகளுக்குக் கூடும், அதைக் கண்டு பயந்து மீண்டும் டப்பாவைத் திறந்துவிட வேண்டாம். அதற்காகத்தான் நிறுத்திய கையோடு வைத்தியரைப் பார்க்கச் சொல்கிறேன், அந்தக் கிழமைகளைத் தாண்ட உதவும் மருந்துகள் எங்களிடம் உண்டு. டப்பாவை வயலிலோ கிணற்றடியிலோ எறியாமல் பிளாஸ்ரிக் பையில் இறுக்கிக் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள். பாதரசம் தலையணை உறை, துவாய் வழியாகப் பிள்ளைகளின் உடலுக்கும் செல்லக்கூடியது. நீங்கள் பாவித்தவற்றைப் பிரித்து வைத்து, கடைக்குட்டிக்கு வேறு தலையணை கொடுங்கள். இன்னும் தாய்ப்பால் கொடுப்பவராயின் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முறைப்பாடு செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், அது உங்கள் உரிமை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் வாங்கிய திகதி, இடம், கொடுத்த பணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விற்ற பெண்ணும் உள்ளே இருப்பதை அறியாமல் விற்றிருக்கலாம். ஆனால் உங்களுக்குப் பின் அந்தக் கடைக்கு வரப்போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள்.

வெள்ளை ஊசியும் நுண்கடனும்

வேண்டாம். அந்த ஊசியில் இருப்பதாகச் சொல்லப்படும் குளூட்டாதயோன் எங்கள் கலங்களே செய்துகொள்ளும் பொருள். அதை நாளத்தில் ஏற்றினால் மெலனின் உண்டாகும் முறை சற்று மாறக்கூடும் என்ற எண்ணத்தில் விற்கிறார்கள். வயலுக்குப் பாய்ந்த கறுப்பை அது இழுக்காது, மங்கைத் தேடிப்போய்த் தொடவும் தெரியாது. தோலை வெளுக்கச் செய்யும் ஊசி எதற்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுக்கவில்லை. கடும் ஒவ்வாமையும், சுத்தமில்லாத இடத்தில் ஏற்றுவதால் கிருமித் தொற்றும் நேரக்கூடும். நிறுத்தினால் நிறம் திரும்பும், கடன் திரும்பிப் போகாது. கிழமைக் கட்டுப்பணத்துக்காக எங்கள் பெண்கள் படும் பாட்டை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை

உங்கள் பிரதேச வைத்தியசாலையில் கடிதம் பெற்றுத் தோல் வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. முதல் இரண்டு மாதங்கள் மங்குக்காக அல்ல, காயப்பட்ட தோலை ஆற்றுவதற்காகவே செலவாகும். அந்த நேரத்தில் வீரியமான வெளுக்கும் மருந்துகளை நாங்கள் தரமாட்டோம், கேட்டாலும் தரமாட்டோம்.

தோல் ஆறியதும் முன்னர் சொன்ன மூன்று வழிகளிலும் வேலை தொடங்கும். அசெலெயிக் அமிலக் கிறீம் துருசைத் தாழ்த்தும், கர்ப்பத்திலும் பாவிக்கக்கூடிய அளவு பாதுகாப்பானது. ஹைட்ரோகுவினோன் அதைவிட வலியது. வைத்தியரின் கண்காணிப்பில் சில மாதங்களுக்கு மட்டுமே பூச வேண்டும், ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் நீலங்கலந்த கறுப்பாக மாறிவிடும். வாய்க்கால் வாயை ஒடுக்குவது நியாசினமைட், விற்றமின் பி3 இன் ஒரு வடிவம். பொதிகள் மேற்றோற் கலங்களுக்குக் கைமாறுவதை அது குறைக்கிறது என்று ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மகனின் மீன் எழுப்பிய கேள்விக்கு மருத்துவத்தில் மிக அருகில் வரும் மருந்து இதுதான் என்று அவனிடம் சொல்லுங்கள். நீண்டகாலமாக நின்ற மங்கில் சிறிதளவு மெலனின் மேற்றோலைத் தாண்டி உட்டோலுக்குள் விழுந்திருக்கும். அங்கே விழுந்தது உதிர்வதற்கு வழியில்லாததால் மிக மெதுவாகவே குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே வெயில் காப்பு. இது இல்லாமல் மருந்து பூசுவது, துருசைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு மண் போடுவது போன்றது. வெயில் காப்புக் கிறீம் வாங்க முடிந்தால், வெயிலைத் தடுக்கும் வலிமையைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண் 30 அல்லது அதற்கு மேற்பட்டதாக, தோல் நிறச் சாயம் கலந்ததாக வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைத் தூண்டும், சாயத்திலுள்ள இரும்பு ஒட்சைட் அதையும் மறிக்கும். வாங்க முடியாவிட்டால் மனம் தளர வேண்டாம். அகலமான பனையோலைத் தொப்பியும் அதன் கீழே காதுவரை இழுத்துக் கட்டிய பருத்தித் துண்டும் நல்ல காவல். கச்சான் பிடுங்குவதையும் களை எடுப்பதையும் காலை பத்து மணிக்கு முன்னரும் பின்னேரம் மூன்றரைக்குப் பின்னரும் வைக்க முடிந்த நாட்களில் அப்படி வையுங்கள். முடியாத நாட்கள் இருக்கும், எனக்குத் தெரியும்.

ஒரு விடயத்தைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். களைப்பு, தலைச்சுற்று, உடல் மெலிவு ஆகியவற்றோடு பல்முரசும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்து வந்தால் அது மங்கு அல்ல, உடலின் உள்ளே வேறொரு குறை இருக்கலாம். பிடரி தடித்துக் கறுத்திருந்தால் இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும்.

மகளைப் பற்றி

மாமி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பேத்தியின் எதிர்காலத்தை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனாலும் ஒரு விரல்நுனியளவுகூட அந்தக் கிறீம் மகளின் தோலில் படக்கூடாது. குழந்தையின் உடல் எடையோடு பார்க்கும்போது தோலின் பரப்பு பெரிது. ஆகவே பெரியவருக்குச் செல்வதைவிட அதிகமான தீங்கு பிள்ளையின் உடலெங்கும் செல்லும். ஸ்டீரொய்ட் வளர்ச்சியைத் தடுக்கும், பாதரசம் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கும். மாமியிடம் நேரே மறுத்துச் சொல்வது உங்களுக்குக் கடினமாக இருந்தால் என் பெயரால் சொல்லுங்கள், அல்லது கிளினிக் நாளில் மாமியையும் கூட்டிவாருங்கள், நான் இருத்தி வைத்துப் பேசுவேன். உங்கள் மகளுக்குத் தோலில் நோய் ஒன்றும் இல்லை. அவளுடைய ஒவ்வொரு கலமும் தன் கருவுக்கு மேல் நல்ல தொப்பி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. கண்ணாடிக்கு முன்னே நீங்கள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் சொற்களை அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. கிறீமை இன்று நிறுத்தினால் அதற்குள் எரிச்சல் தணிந்திருக்கும், சிவப்பு பெருமளவு குறைந்திருக்கும். மங்கு அப்போதும் கன்னத்தில் தெரியும், அது குறைவதைக் காண ஆறு மாதமாவது வேண்டும், ஒவ்வொரு கோடையிலும் சிறிது எட்டிப் பார்க்கவும் செய்யும். வற்றாப்பளைக்குப் பகலில் போவதென்றால் குடையை மறக்க வேண்டாம். கிளினிக்குக்கு வரும்போது மகனையும் கூட்டிவாருங்கள், திலாப்பியாச் செதில் இரண்டை உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு சிறு போத்தலில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி ஒன்று இருக்கிறது, கிளினிக் முடிந்ததும் அவனுக்குக் காட்டுகிறேன்.